வெளியே கேட்காத பெட்டி

பெங்களூரில் வேலை பார்த்த காலம் முழுக்க சமரீனுக்கு அழுவதற்கென்று ஓர் இடம் கிடைத்ததில்லை. தங்கியிருந்த பி.ஜி.யில் அறைக்கு நான்கு கட்டில். மாடிப்படியில் நின்று பேசினால் மேலேயும் கேட்கும், கீழேயும் கேட்கும். மொட்டைமாடிக்குப் போனால் துணி எடுக்க யாராவது வந்துவிடுவார்கள். நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டதை அம்மா குல்ஷன் தர்மபுரியிலிருந்து போனில் சொன்னபோது, சமரீன் லிஃப்டுக்குள் இருந்தாள். யாரும் பட்டனை அழுத்தாதவரை கதவு மூடியிருக்கும் என்ற நம்பிக்கையில் அங்கேயே நின்று பேசினாள். யாரோ அழுத்திவிட்டார்கள். கதவு திறந்தது. கையில் சாப்பாட்டுப் பையோடு ஒரு குடும்பமே அவள் அழுத முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் வேலையே ஐ.டி. அலுவலகங்களுக்கு உள் அலங்காரம் வடிவமைப்பதுதான். அந்த அலுவலகங்களில் ஆளுயரத்துக்குப் பெட்டிகள் வைப்பார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போனில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், ஒரு சொல் வெளியே வராது. கப்பலில் வந்து இறங்கும் அந்தப் பெட்டிகளை நிறுத்தி வைக்கும்போதெல்லாம் சமரீனுக்கு ஆத்திரமாக வரும். கார் வைத்திருப்பவன், தனி அறை வைத்திருப்பவன், தாழ்ப்பாள் போட வீடு வைத்திருப்பவன், அவனுக்கே இதுவும் போகிறது. ஒரு ஹாலில் நாற்பது பேர் படுத்திருக்கிற இடத்துக்கு இது எப்போது போகும்?

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். தர்மபுரியில் அப்பா தஸ்தகீர் ஆரம்பித்த மரப் பட்டறையை அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன் உபைத் நடத்திக்கொண்டிருந்தான். பீரோ, கட்டில், சமையல்கட்டு அலமாரி செய்கிற இடம்.

"ஆள் உள்ள உக்காந்து பேசணும். சத்தம் வெளிய போகக் கூடாது. ஆனா காத்து போகணும், பாய்ஜான்," என்றாள்.

"காத்து போற வழியில சத்தமும் போகுமே," என்றான் உபைத்.

சிக்கல் மொத்தமும் அதுதான். முதலில் செய்த பெட்டி ஒரு சத்தத்தையும் வெளியே விடவில்லை. ஆனால் பட்டறை ஆட்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளியும் அது நகரவும் இல்லை. வாசலைவிட அகலமாக வேறு செய்திருந்தாள். "இத வெளிய எடுக்கணும்னா பட்டறையத்தான் இடிக்கணும்," என்று சிரித்தான் உபைத். பிரித்துப் போட்டார்கள்.

அடுத்ததைப் பலகை பலகையாகச் செய்தாள். மாடிப்படியில் ஒருவர் ஒரு பலகையாகத் தூக்கிப் போய், மேலே வைத்துத் திருகி முடுக்கிக்கொள்ளலாம். அடியில் பிரேக் வைத்த சக்கரங்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே, பனியன் கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கும் துணியை அழுத்திச் செய்த கனமான அட்டை. உட்காரும் பலகைக்கு அடியிலிருந்து காற்று நுழைந்து, வளைந்து வளைந்து மேலே போய், சின்ன விசிறி வழியாக வெளியேறும். ஒவ்வொரு வளைவிலும் சத்தம் துணியில் முட்டிச் செத்துப்போகும். சித்திரை வெயிலில் உபைத்தை உள்ளே உட்கார வைத்தாள். சட்டையிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்தான். காற்று வழியை இன்னும் அகலமாக்கினாள்.

கடைசியில் ஒரு நாள் மிஷின்களையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, அண்ணனை உள்ளே அனுப்பி, கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். கதவில் இருந்த ஒடுக்கமான கண்ணாடி வழியாக அவன் கையை ஆட்டி ஆட்டி வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது. மூச்சிரைக்க வெளியே வந்தான்.

"என்ன பேசினே?"

"உன்னத்தான் திட்டினேன். நல்ல வேலைய விட்டது, வர்ற சம்பந்தத்தையெல்லாம் தட்டிக்கழிக்கிறது, என் மிஷின்ல உன் சாமான அறுக்கிறது, எல்லாத்துக்கும் சேத்து. என்ன, காதுல விழுந்துச்சா?"

"ஒண்ணும் விழல."

"நெஜமாவா?"

"நெஜமா."

உபைத் மறுபடியும் கதவைத் திறந்தான். "அப்ப இரு. இன்னும் கொஞ்சம் இருக்கு."

முதலில் ஒரு நர்சிங் மாணவிகள் விடுதி வாங்கியது. அடுத்து, வேலைக்குப் போகிற ஆண்கள் தங்கும் மேன்ஷன் ஒன்று. கொஞ்ச நாளில் கோவிந்தன் காரில் வந்து பட்டறை வாசலில் இறங்கினார். தொப்பூர் போகிற வழியில் இருக்கும் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் மேனேஜர். கம்பெனியின் பின்னாலேயே தையல் பெண்களுக்கான விடுதி. ஏரியூர்ப் பக்கம், பென்னாகரம் பக்கம், மலையோர ஊர்கள், எல்லா இடத்திலிருந்தும் வந்த பெண்கள்.

"போன் பேசணும்னா பாத்ரூமுக்குள்ள போயிடறாங்கம்மா. பேசறது கேக்கக் கூடாதுன்னு பைப்ப வேற தொறந்து விட்டுக்கறாங்க. டேங்க்ல தண்ணி நிக்க மாட்டேங்குது," என்றார்.

தண்ணீருக்காகத்தான் வந்திருக்கிறார் என்பது சமரீனுக்கு உறுத்தியது. ஆனாலும் குழாயைத் திறந்துவிட்டு வாயைப் பொத்திப் பேசும் அந்தப் பெண்கள் கண்முன் வந்தார்கள். சரி என்றாள். இரண்டு பெட்டி. நன்றாக இருந்தால் கம்பெனியின் மற்ற விடுதிகளுக்கும் வாங்குவோம் என்றார். போகும்போது, "உள்ள ஒரு சார்ஜர் பாயிண்ட் வேணும். பின்பக்கம் ஒரு பைப்பும் காலியா விட்டு வைங்க. நாளைக்கு லைட்டு மாத்தணும், வயர் இழுக்கணும்னா வசதியா இருக்கும்," என்றார். யாரும் கேட்கக்கூடியதுதான். விட்டு வைத்தாள்.

பெட்டிகளை மாட்டிய அன்று விடுதியில் திருவிழாக் கூட்டம். ஒன்று மாடியில் பெண்கள் படுக்கும் ஹாலை ஒட்டி, இன்னொன்று கீழே வார்டன் ஜானகியம்மாளின் அறைக்குப் பக்கத்தில். ஜானகியம்மாள் கண்டிப்பானவர். "உள்ள போனா சட்டுனு பேசிட்டு வரணும். குடித்தனம் நடத்தக் கூடாது," என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஒல்லியாக ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். பெயர் செல்லி. ஏரியூருக்கு அப்பால் ஒரு ஊர். துணியில் பிசிறு பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை.

"உள்ளாற கத்தினாக்கூட கேக்காதுங்களாக்கா?"

"போய்க் கத்திப் பாரு."

செல்லி உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். வெளியே நின்ற அவள் தோழி ஐஸ்வர்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, மீனு வாயத் தொறக்கற மாதிரியே இருக்குதுடி!"

வெளியே வந்த செல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. "நெஜமாலுமே யாருக்கும் கேக்காதுங்களா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"கேக்காது. நான் பொறுப்பு," என்றாள் சமரீன். பட்டறையின் பெயரும் தன் போன் நம்பரும் அச்சடித்த ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தாள்.

மழை ஆரம்பித்திருந்த ஒரு மத்தியான நேரம். பட்டறை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. செல்லி இறங்கினாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் சோப்பு டப்பா, செருப்பு, சுருட்டிய போர்வை. விடுதியிலிருந்து மொத்தமாகக் கிளம்பி வந்தவள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"என்னம்மா, ஊருக்கா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள் சமரீன்.

"அந்தப் பொட்டியச் செஞ்சது நீங்கதானே?" என்றாள் செல்லி. "யாருக்கும் கேக்காதுன்னு சொன்னது நீங்கதானே? எவ்வளவு வாங்கினீங்க அவங்ககிட்ட?"

மிஷின்கள் நின்றுவிட்டன. உபைத் எட்டிப் பார்த்தான். சமரீன் ஒன்றும் புரியாமல் அவளை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். செல்லி அதைத் தொடவில்லை.

"எனக்கு மார்ல ஒரு கட்டி இருக்குதுங்க," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே. "யாருகிட்டயும் சொல்லல. ஐஸ்வர்யாகிட்டகூடச் சொல்லல. பயம். எங்க அக்கா மாதம்மா ஊருல இருக்குது, அதுகிட்ட மட்டும் உங்க பொட்டிக்குள்ள உக்காந்து சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போவ லீவு கேட்டா சூப்பர்வைசர் தர மாட்டேங்கறான், ஆர்டர் முடியட்டுங்கறான், இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு லேபர் ஆபீசுக்குப் போன் பண்ணப் போறேன்னும் அக்காகிட்டச் சொன்னேன். அவ்வளவுதான். மறுநாள் மேனேஜர் கூப்புட்டாரு. பக்கத்துல அந்த சூப்பர்வைசரும் நிக்கறான். 'மார்ல கட்டியாமே? வியாதிய வச்சிக்கிட்டு இங்க எதுக்கு? லேபர் ஆபீசுக்கு வேற போன் பண்ணப் போறியாமே'ன்னு கேக்கறாரு." அவள் நிமிர்ந்தாள். "அவரு அதச் சொன்னதும் அந்த சூப்பர்வைசர் என் நெஞ்சப் பாத்தாங்கக்கா. அங்கியே பாத்தான். எனக்கு அங்கியே செத்துறலாம்னு இருந்துச்சு."

எந்த வளைவில், எந்த இடுக்கில் சத்தம் கசிந்திருக்கும் என்றுதான் முதலில் ஓடியது சமரீனின் புத்தி. கசிந்தால் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்கலாம், கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கு எப்படிக் கேட்கும்? மெதுவாக, அந்தக் காலி பைப் ஞாபகத்துக்கு வந்தது.

"உங்க அக்கா யாருகிட்டயாவது..."

"எங்கக்காவுக்கு கம்பெனி பேருகூடச் சரியாத் தெரியாது," என்று வெட்டினாள் செல்லி.

அன்று செல்லி அவர்கள் வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் குல்ஷனும் சமரீனும் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். மாதம்மாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்து, தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் அந்த விடுதிக்குப் போறேன்," என்றாள் சமரீன் அண்ணனிடம்.

"போயி?"

"பொட்டியப் பிரிச்சுப் பாக்கப் போறேன்."

உபைத் தயங்கினான். "வித்த சாமானு சமரீன். அதுக்குள்ள அவங்க என்னத்த வச்சிக்கிட்டாலும் நாம கேக்க முடியுமா? மத்த விடுதி ஆர்டரு வேற அந்த ஆளு கையில இருக்கு."

"உள்ள உக்காந்திருந்தது நான்னா? நம்ம அம்மான்னா? என் பேச்ச நம்பித்தான அந்தப் பொண்ணு வாயத் தொறந்துச்சு? அவ ஒடம்பப் பத்தின பேச்ச ரெண்டு ஆம்பளைங்க உக்காந்து கேட்டிருக்கானுங்க பாய்ஜான். நாம செஞ்ச பொட்டிய வச்சிக் கேட்டிருக்கானுங்க!"

காலையில் உபைத்தே திருகாணி முடுக்கும் மிஷினை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பட்டறை வேனை எடுத்தான். சமரீனோடு செல்லியும் ஏறிக்கொண்டாள்.

கேட்டில் காவலாளி மாயவன் செல்லியைப் பார்த்துத் தயங்கினார். "பொட்டி சர்வீஸ்," என்றாள் சமரீன். விட்டுவிட்டார். ஞாயிறு என்பதால் பெண்கள் எல்லாரும் விடுதியில்தான் இருந்தார்கள். துணி துவைத்துக்கொண்டும் தலைவாரிக்கொண்டும் இருந்தவர்கள், செல்லியைப் பார்த்ததும் ஓடிவந்தார்கள்.

மாடிப் பெட்டியின் உள்பக்கப் பலகைகளை மூடித் திருகியிருந்த துணியை உபைத் கழற்றினான். சார்ஜர் பாயிண்டுக்கு மேலே பலகையில் ஒரு துளை. அவன் போட்டதல்ல. துளைக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு மைக். அதிலிருந்து போன வயர், சமரீன் காலியாக விட்டிருந்த அதே பைப்புக்குள் நுழைந்து, மேல்கூரை வழியாகக் கம்பெனிக் கட்டடத்தை நோக்கிப் போனது.

சமரீன் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினாள். ஒவ்வொருத்தியும் தான் உள்ளே உட்கார்ந்து என்னென்ன பேசினோம் என்று நினைத்துப் பார்க்கிறாள் என்பது முகங்களில் தெரிந்தது. ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

"நான் எங்க வூட்டுக்காரருகிட்டப் பேசினதையெல்லாமா கேட்டானுங்க?" என்றாள் கல்யாணமான ஒருத்தி.

சத்தம் கேட்டு ஜானகியம்மாள் மேலே வந்தார். சமரீன் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"உங்களுக்குத் தெரியும், இல்லீங்களா?" என்றாள் சமரீன்.

"பொண்ணுங்க தப்பான வழிக்குப் போயிடக் கூடாதுன்னு... பாதுகாப்புக்குன்னுதான் மேனேஜர் சொன்னாரு," என்று இழுத்தார். "கேமரா மாட்டற ஆளக் கூட்டியாந்து அவருதான் வச்சாரு. நான் என்னம்மா பண்றது? சொன்னதச் செய்யற வேல என்னுது. மேல இருக்கற பொட்டியில மட்டுந்தான் வச்சிருக்குதுன்னாரு."

"கீழயும் பாத்துடலாம் வாங்க," என்றான் உபைத்.

கீழ்ப் பெட்டியின் துணியை உரித்ததும் அங்கேயும் அதே துளை, அதே மைக். ஜானகியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் வேலைக்குப் போனபிறகு பகலில் அவர் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் கடத்தூரில் இருக்கும் மகளிடம் பேசுவார். மருமகன் குடித்துவிட்டு அடிப்பதை மகள் சொல்லி அழுவாள். அவளோடு சேர்ந்து இவரும் அழுவார்.

"என் வூட்டுக் கதையையுமாடா கேட்டே?" என்றார் யாரையும் பார்க்காமல்.

அதற்குள் மாயவன் தகவல் சொல்லி, கோவிந்தன் வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, "யாரக் கேட்டு இதப் பிரிச்சீங்க? இது கம்பெனி பிராப்பர்ட்டி," என்று கத்தினார்.

"பொட்டி உங்களுது சார். உள்ள பேசின பேச்சு யாருது?" என்றாள் சமரீன்.

"பாரும்மா, இத்தன வயசுப் பொண்ணுங்கள வச்சிக் காப்பாத்தறோம். எவளாவது எவன்கூடயாவது ஓடிட்டா பெத்தவங்களுக்கு நாங்கதான் பதில் சொல்லணும்."

"பெத்தவங்க தங்க மகள்கிட்டப் பேசறத நீங்க உக்காந்து கேக்கறீங்கன்னு அவங்களுக்குச் சொன்னீங்களா? செல்லி யாருகூட ஓடப் போனா? ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா. அதுக்குத்தான அவள வெளிய தள்ளினீங்க?"

கோவிந்தன் செல்லி பக்கம் திரும்பி, "நீ எப்படி உள்ள வந்தே? மொதல்ல வெளிய போ," என்றார்.

செல்லி அசையவில்லை. அவள் குனிந்து, பெட்டிச் சக்கரங்களின் பிரேக்கை ஒவ்வொன்றாகக் காலால் தட்டி விட்டாள். "போறேன் சார். இதையும் எடுத்துக்கிட்டுப் போறேன்," என்று இரண்டு கையாலும் பெட்டியைத் தள்ளினாள். கனமான பெட்டி லேசாக உருண்டது. ஐஸ்வர்யா ஓடிவந்து தோளைக் கொடுத்தாள். அப்புறம் எத்தனை கைகள் வந்தன என்று சொல்ல முடியாது. வராந்தாவைத் தாண்டி, சரிவில் இறங்கி, ஈர மண்ணில் சக்கரம் புதைந்தபோது எல்லாருமாகத் தூக்கி, முற்றத்தைக் கடந்து பெட்டி கேட்டை நோக்கிப் போனது. கோவிந்தன் முன்னால் வந்து கையை விரித்து நின்றார். அவர்கள் நிறுத்தவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

"கேட்ட மூடு! மூடுடா!" என்று கத்தினார்.

மாயவன் கேட்டருகில் நின்றிருந்தார். அவர் மகளும் வேறெங்கோ விடுதியில்தான் இருக்கிறாள். அவர் கேட்டைத் தொடவே இல்லை.

பெட்டியைச் சாலையோரம் நிறுத்தினார்கள். உரித்த துணியும் துளையும் தெரியும்படி கதவைத் திறந்து வைத்து, மைக்கை அதன் வயரிலேயே கட்டிக் கதவில் தொங்கவிட்டார்கள். லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். சிலர் இறங்கி வந்து என்னவென்று கேட்டார்கள். ஐஸ்வர்யா திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நாங்க எங்கம்மாகிட்ட என்ன பேசறோம்னு கேக்கறதுக்கு மைக் வச்சிருக்காங்கண்ணா!" யார் யாரோ போனில் படம் எடுத்தார்கள். மாலைக்குள் போலீஸ் வந்தது. திங்கட்கிழமை யாரும் வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அம்மா விசாரணைக்கு வந்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் கம்பெனி வாய்கூசாமல் ஒன்று சொன்னது: மைக் தங்களுக்குத் தெரியவே தெரியாது, பெட்டி செய்து கொடுத்தவர்களே அதை வைத்துத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று.

உபைத்தை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போனவன் சாயங்காலம்தான் வந்தான். பட்டறையில் போலீஸ் வந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தது. நர்சிங் விடுதிக்காரர்கள் போன் செய்து, எங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார்கள். தெருக்காரர் ஒருவர் உபைத்தைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைங்க பேசறத நீங்கதான் ரெக்கார்ட் பண்றீங்களாமே பாய்," என்று கடையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்த உபைத் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நான் துளை போட்டா சுத்தியும் மரம் உடையாமப் போடுவேன். அந்தத் துளையப் பாத்தாலே தெரியும், நான் போட்டதில்லன்னு," என்றான். "இதச் சொன்னா எவன் கேக்கறான்? வித்த சாமானுன்னு அன்னிக்கு நான்தான சொன்னேன். கொளுத்தணும் சமரீன். அந்தப் பொட்டியக் கொளுத்தணும்."

சமரீனுக்கு அழுகை வரவில்லை. செய்தவன் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறான், கண்டுபிடித்தவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். விசாரணைக்கு வந்த அம்மாவிடம் நேரில் போய், "கடையில வாங்கின ரசீதெல்லாம் இருக்குங்க, எங்க பட்டறைக்கு வந்த எல்லாத்தையும் பாருங்க," என்று கத்தினாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோபப்படறதுல தப்பில்ல. ஆனா அந்த மைக்க யாரு வச்சாங்கன்னு பாத்தவங்க சொல்லணும்மா," என்றார்.

பார்த்தவர் ஒருவர்தான். ஜானகியம்மாள். அவர் ஏற்கனவே விடுதியை விட்டுக் கிளம்பியிருந்தார். கடத்தூரில் மகள் வீட்டில் இருப்பதாக மாயவன் சொன்னார். சமரீனும் செல்லியும் பஸ்ஸில் போனார்கள். வாசலில் நின்றவர்களை ஜானகியம்மாள் உள்ளே கூப்பிடவில்லை.

"என்ன இழுத்து விடாதீங்க. நானும் கூட இருந்தவதான. எனக்கும் கேஸ் வரும்," என்றார்.

"வரலாம்," என்றாள் செல்லி. "எனக்குக் கட்டி வந்துச்சு. அத அவனுங்க கேட்டானுங்க. உங்க மவ அழுவறதையும் கேட்டானுங்க. நீங்க வாயத் தொறக்கலன்னா நாளைக்கு வேற எடத்துல வேற பொட்டியில இன்னொருத்தி பேசறதக் கேப்பானுங்க. கேட்டுட்டு, மரப் பட்டறைக்காரன்தான் பண்ணான்னுவானுங்க."

உள்ளே சமையல்கட்டிலிருந்து மகள் வந்து நின்றாள். கன்னத்தில் பழைய காயம் ஒன்று கறுத்துக் கிடந்தது. "என்னம்மா கேட்டாங்க? நான் பேசினதையா?" என்றாள். ஜானகியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் திரும்பவும் கேட்டாள்.

மறுநாள் ஜானகியம்மாள் மகளையும் கூட்டிக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு வந்தார். கேமரா மாட்டுகிற ஆள் எந்தக் கடையிலிருந்து வந்தான், யார் கூட நின்று வேலை வாங்கினார்கள், கோவிந்தன் என்ன சொன்னார், தான் எதற்குத் தலையாட்டினோம், எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கேமரா ஆளைப் பிடித்ததும் அவன் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டான். உபைத்தின் பெயரை எடுத்துவிட்டார்கள். கோவிந்தன் மீது வழக்கு பதிவானது. ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். இப்போது அதே முதலாளியின் வேறொரு ஊர்க் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று கேள்வி. சமரீனால் இன்றைக்கும் இதைச் சாதாரணக் குரலில் சொல்ல முடியாது.

செல்லியின் பரிசோதனை முடிவு வந்தது. கெட்ட கட்டி இல்லை, கொழுப்புக் கட்டி மாதிரிதான், எடுத்துவிட்டால் போதும் என்றார் டாக்டர். குல்ஷன் பாயசம் செய்தார். "இங்கயே பட்டறையில தையல் வேல பாரு. பொட்டிக்கு உள்துணி தெக்க ஆள் வேணும்," என்றாள் சமரீன்.

"வேணாங்கக்கா," என்றாள் செல்லி. "திரும்ப வேலைக்கு எடுத்துக்கணும்னு லேபர் ஆபீசுல ஆர்டர் போட்டிருக்காங்க. நான் அங்கதான் போவேன். தப்பு பண்ணது நானில்லயே, நான் எதுக்கு ஒளியணும்? அந்த சூப்பர்வைசர் என் மூஞ்சியப் பாக்க முடியாம குனியணும். அத நான் பாக்கணும்."

போனாள். ஆனால் விடுதியில் இரண்டு பெட்டிகளையும் எடுத்துவிட்டிருந்தார்கள். பிரச்சினை வேண்டாமாம். பெண்கள் மறுபடியும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்கள். புது வார்டன் தண்ணீர் வீணாகிறது என்று திட்டினார்.

சமரீன் பட்டறையில் உட்கார்ந்து பெட்டியை முதலிலிருந்து வரைந்தாள். பின்பக்க பைப்பை எடுத்துவிட்டாள். சார்ஜர் பாயிண்டையும் எடுத்துவிட்டாள். விசிறிக்கும் விளக்குக்கும் சின்ன பேட்டரி, அதுவும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். திருகாணி போட்டு மூடியிருந்த உள்துணியைக் கொக்கியில் மாட்டும்படி மாற்றினாள். உள்ளே போகிறவள் யாராக இருந்தாலும் ஒரே இழுப்பில் நாலு பக்கமும் உரித்து, பலகையைத் தடவிப் பார்த்து, திரும்ப மாட்டிக்கொள்ளலாம். சத்தம் கசியாமல் கொக்கி வைக்கத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. உபைத் சலிக்காமல் மாற்றி மாற்றிச் செய்தான்.

தொழிலாளர் துறை அம்மா சொல்லி, பெண்களும் சேர்ந்து எழுதிக் கேட்டு, கடைசியில் கம்பெனி வேண்டாவெறுப்பாகப் புதுப் பெட்டிகளை வாங்கியது. நிறுத்திய உடனே ஐஸ்வர்யா உள்ளே புகுந்து துணியையெல்லாம் உரித்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். கதவின் ரப்பரைக்கூட ஒருத்தி பிதுக்கிப் பார்த்தாள். முன்பு மாதிரி யாரும் சிரிக்கவில்லை. சமரீன் ஓரமாக நின்று பார்த்தாள். நர்சிங் விடுதியும் இந்த மாதிரியையே கேட்டு வாங்கியது.

போன வாரம் பட்டறைக்கு ஒரு போன். வேறு மாவட்டத்தில் கல்லூரி விடுதி நடத்துகிறவர். பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டாராம், நிறைய வேண்டுமாம். உபைத் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். வாடிக்கையாளர்களிடம் அவன் குரல் எப்போதும் பணிவாகத்தான் இருக்கும்.

"எல்லாம் ஓகே பாய். ஒரே ஒரு விஷயம். உள்ள பொண்ணுங்க என்ன பேசறாங்கன்னு, அவசரம்னா, நமக்குத் தெரியறதுக்கு ஏதாவது ஒரு ஏற்பாடு..."

மரத்தூள் படிந்த கையால் உபைத் போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டான்.

"உங்க வூட்ல உங்க சம்சாரம் போன் பேசும்போதும் கேப்பீங்களா சார்? எங்க பட்டறைப் பக்கம் வந்துறாதீங்க," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

"பெரிய ஆர்டர் பாய்ஜான்," என்றாள் சமரீன்.

"போகட்டும். அந்த மிஷினப் போடு," என்றான் உபைத்.